ஒன்பதாவது கட்டு

எங்கள் மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் முதலில் பதிலைச் சொல்லிவிட்டு, அது சரிதானா என்று சாவகாசமாக யோசிப்பார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. காலேஜ் முடித்த கையோடு, அம்மா செக்கிங் வேலை பார்த்த அதே எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருந்தார். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் பேசி, சாம்பிள் அனுப்பி, ஷிப்மெண்ட் கப்பலேறுகிறவரை அவர்களைச் சமாதானமாக வைத்திருப்பது அவருடைய வேலை. அந்த வேலைக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த நீளத்தில்தான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனிக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரம்மா வருவார். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் குழந்தைகள் உடுப்புக்கடை வைத்திருந்தவர். அறுபதைத் தாண்டிய வயது, குட்டையான நரைமுடி, பருத்திச் சட்டை. ஆள் நல்ல மாதிரிதான், ஆனால் சாப்பாட்டு மேஜையில் மட்டும் எல்லோரையும் பரீட்சை எழுத வைத்துவிடுவார் என்று மாமா சொல்வார். போனை எடுத்து, பத்து விநாடிக்கு ஏதோ ஒரு மேல்நாட்டுச் சங்கீதத்தை ஓடவிட்டு நிறுத்திவிட்டு, இது யாருடையது என்று கேட்பாராம். கம்பெனி மேனேஜர் ‘வெரி நைஸ் மேடம்’ என்பார். மற்றவர்கள் தயிர்ச்சாதத்தைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். நான்கைந்து தடவை இப்படி நடந்ததும் மாமாவுக்குத் தாங்கவில்லை. இதெல்லாம் எங்கள் அக்கா மகளே சொல்லிவிடுவாள், அவளுக்குப் பத்து வயதுதான் ஆகிறது என்று ஒருநாள் சொல்லிவைத்துவிட்டார்.

அந்த அம்மாவுக்கு வேடிக்கைப் பேச்சு என்று ஒன்று உண்டென்பதே தெரியாதுபோல. சந்தோஷப்பட்டுக்கொண்டு, ஊருக்குப் போவதற்குள் ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டார். அதில் நாற்பது துண்டுகள், ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து விநாடி. நாற்பதுக்கும் இசையமைத்தவர்கள் மொத்தம் எட்டே பேர். எட்டுப் பேரும் போன நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய சங்கீதக்காரர்கள். பேர் எதையும் அவர் எழுதித் தரவில்லை. பேரை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துவிடலாம், காதால் கேட்டு ஒரே ஆளுடையதை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் போதும், அடுத்த தடவை வரும்போது பார்க்கிறேன் என்றாராம். மூன்று நான்கு தப்பினால் பரவாயில்லை. தேறிவிட்டால் குழந்தை என்ன கேட்டாலும் தருவேன் என்று கையில் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மாமா பென்டிரைவைக் கொண்டுவந்து வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டு டிவியின் பின்னால் செருகினார். பஸ்ஸில் பாட்டுப் போட்டவுடனே இது இன்ன மியூசிக் டைரக்டர் என்று சொல்கிறோம் இல்லையா, அதேதான் என்று எனக்குத் தைரியம் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். முதல் துண்டு ஓடியபோது, அடுத்த வீட்டுச் சிவகாசி அக்கா குழம்புக் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, ‘என்னளா, ஒங்க டிவி ரிப்பேராயிட்டா?’ என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் மேல் குற்றமில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் டிவி எப்போதும் முழுச் சத்தத்தில்தான் ஓடும். அப்பா பல வருடமாக நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே நின்றவர், அவர் காதுக்கு எட்ட வேண்டுமென்றால் தெருவுக்கே எட்ட வேண்டும். ஆகையால் அந்த லீவு முழுக்க எங்கள் லைனில் இருந்த பத்து வீட்டுக்காரர்களும் போன நூற்றாண்டின் மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கேட்டார்கள். எதிர்வீட்டு ஒடிசாப் பையன் பல் தேய்த்துக்கொண்டே தாளம் போடுகிற அளவுக்குப் போயிற்று.

ஒரு வாரம் வரை எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் திடீரென்று ஒன்று பிடிபட்டது. நாலு சுரத்தை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு போனார்கள், எங்கேயோ ஒரே ஒரு சுரம் மட்டும் மெல்ல இடம் மாறியது. கோடுபோட்ட பனியன் துணி மிஷினிலிருந்து இறங்குவதை அப்பாவோடு போய் நான் பார்த்திருக்கிறேன். அதே சிவப்பு, அதே வெள்ளை, எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதேதான், ஆனால் துணி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். இது ஸ்ட்ரைப்பர் என்று அந்த மிஷின் பேரையே சொல்லிக் கத்தினேன். அப்புறம் தேடிப்பார்த்ததில் நாற்பதில் ஐந்து துண்டுகள் ஸ்ட்ரைப்பருடையவை.

அதிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஓரம் தைக்கிற மிஷின்போலத் தடதடவென்று குத்திக்கொண்டே போகிறவர் ஓவர்லாக். தண்ணீரில் சாயம் பரவுகிறதுபோல எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்றே தெரியாமல் வாசிக்கிறவர் சாயக்காரர். தோட்டத்தில் பொழுது சாய்ந்ததும் கத்துகிற பூச்சிகளையெல்லாம் பிடிலுக்குள் பிடித்து அடைத்தவர் பூச்சிக்காரர். ஒரு சுரம் வாசித்துவிட்டு, வாசித்தது யாருக்காவது கேட்டதா என்று சும்மா இருந்துவிட்டு, இன்னொரு மூலையிலிருந்து இன்னொரு சுரத்தைப் போடுகிற ஒருவர் இருந்தார், அவருக்குப் பவர்கட் என்று பேர் வைத்தது மாமா. பட்டாளம் போகிறமாதிரி குதித்துக்கொண்டே உள்ளுக்குள் அழுகிற ஒருவருக்குத்தான் பேர் கிடைக்கவில்லை. கடைசியில் ‘கல்யாணவீட்டு மாமா’ என்று வைத்தேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

அந்த எட்டுப் பேருடைய சொந்தப் பேர்களும் இன்றைக்கு எனக்குத் தெரியும். அவர்கள் பிறந்த ஊர், பட்ட பாடு எல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். இருந்தும் எங்காவது அந்தச் சங்கீதம் காதில் விழுந்தால் முதலில் நாக்கில் வருவது ஓவர்லாக், சாயக்காரர் என்பதுதான். பெரிய மனிதர்களை இப்படிக் கூப்பிடுகிறோமே என்று வெட்கம் ஒன்றும் இல்லை. அன்போடு வைத்த பேர்கள்தான்.

கணக்குத் தப்பாமல் இருக்க மாமா கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி கொண்டுவந்தார். பாட்டுக்கு ஒன்றாக நாற்பது துண்டு வெட்டி, நாற்பதிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரே ஆளுடைய துண்டுகளை அடுக்கி, செக்கிங்கில் பனியனைக் கட்டுவதுபோலவே நூலால் கட்டினேன். லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது எட்டுக் கட்டுகள் தயார். எனக்கு அப்போது இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பரிசாக என்ன கேட்பது என்பதை நான் முதல் நாளே முடிவு செய்திருந்தேன். அமராவதி அணைக்குப் போய் முதலைப் பண்ணை பார்க்க வேண்டும். கூட்டிப் போகிறேன் என்று அம்மா மூன்று தடவை சொல்லி, மூன்று தடவையும் ஷிப்மெண்ட் வந்து ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டது. ஒரு தடவை புளிச்சாதம்கூடக் கட்டியாயிற்று, அதைக் கம்பெனியில் உட்கார்ந்து அம்மா சாப்பிட்டாள். இந்தத் தடவை லீவு முடிவதற்குள் கட்டாயம் என்று சொல்லியிருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமையிலும் இடி விழுந்தது. வெள்ளைக்காரம்மா வெள்ளிக்கிழமை வருகிறார், அவரே பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் ஞாயிற்றுக்கிழமை, செக்கிங் முழுக்க வந்தே ஆக வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்க்காமலே இதைச் சொன்னாள். நான் அழவில்லை. எட்டுக் கட்டு கையில் இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று சொல்லிவிடுவது என்று எனக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

அம்மா அதுவரை இந்தப் பாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தவளே இல்லை. வேலைவிட்டு வந்தால் சமையல், துணி, அடுத்த நாளைக்கு மாவு. வியாழக்கிழமை சாயங்காலம் நான் கடைசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு நிமிடம் நிமிர்ந்தாள்.

‘ஏங்கண்ணு, இதும் அதுக்கு முன்னால ஓடுனதும் ஒரே ஆளுதான?’

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பூச்சிக்காரர், இது சாயக்காரர், இரண்டுக்கும் ஏணி வைத்தால்கூட எட்டாது என்று அக்காவுக்கு விளக்கினார். இரண்டிலும் முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய பிடில் வருகிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது என்றார்.

‘பாட்டு வேறயா இருந்துட்டுப் போவுது தம்பி. ஆளு ஒண்ணுதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னால மூச்சு இழுக்கறாங்க பாரு. பாதி இழுத்து நிறுத்தி, மறுக்கா பாதி. ரண்டுலயும் அப்பிடித்தான்.’

நான் திரும்பப் போட்டேன். இருந்தது. எத்தனையோ நூறு தடவை கேட்டும் என் காதில் அது விழுந்ததில்லை, பாட்டு ஆரம்பித்த பிறகுதானே நான் கேட்கவே ஆரம்பிப்பேன். அம்மா வெங்காயத் தட்டை நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாற்பதையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். சங்கீதம் ஆரம்பித்த உடனே போதும் அடுத்தது என்று கையைக் காட்டினாள். அவளுக்கு வேண்டியது தொடக்கம் மட்டும்தான். மொத்தம் ஏழு துண்டுகளில் அந்த மூச்சு இருந்தது. பூச்சிக்காரர் கட்டில் இரண்டு, சாயக்காரர் கட்டில் இரண்டு, கல்யாணவீட்டு மாமாவிடம் இரண்டு, பவர்கட்டில் ஒன்று.

இங்கே அம்மாவின் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தைத்து வருகிற பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துப் பழுது பார்ப்பதுதான் செக்கிங். பழுது பார்க்கிறவர்கள் பலர் உண்டு. அம்மா பழுதைப் பார்த்தே அது எந்த டைலர் தைத்தது என்று சொல்லிவிடுவாள். ஒருவர் ஓரம் மடிக்கும்போது கடைசியில் அரைவிரல் தூக்கிவிடுவார், இன்னொருவருக்குக் கழுத்துப்பட்டி வலப்பக்கம் இழுக்கும். தையல் லைனில் இருபது பேர் தைத்த பனியனைக் கலந்து கொட்டினாலும் ஆள்வாரியாகப் பிரித்துவிடுவாள் என்று கம்பெனியில் சொல்வார்கள். அதனால் டைலர்களுக்கு அவள்மேல் பயமும் உண்டு, கொஞ்சம் கோபமும் உண்டு.

அப்படிப்பட்டவள் ஏழும் ஒரே கை என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மாட்டிக்கொண்டது நான்தான். மாமா தலையில் அடித்துக்கொண்டார். உன் அம்மாவுக்குப் பனியன் தெரியும், சங்கீதம் தெரியுமா என்று கேட்டார். ஏழைப் பிடுங்கித் தனியாக வைத்தால் ஒன்பது கட்டு ஆகிவிடும், அந்த அம்மா சொன்னது எட்டு, மூன்று நான்குதான் தப்பலாம், ஏழு தப்பினால் உன் முதலை உனக்கில்லை என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்ட மூச்சை எப்படிக் கேட்காமல் இருப்பது? அன்றைக்கு எந்தத் துண்டைப் போட்டாலும் பாட்டுக்கு முன்னால் அந்த ஆள்தான் வந்து நின்றார். நான் ஏழையும் உருவி ஒன்பதாவது கட்டாகக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா பைக்கில் வந்து இறங்கினார். நான் தலை சீவிக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்பதாவது கட்டை அவிழ்த்து, ஏழு துண்டையும் பழைய இடங்களிலேயே செருகிவைத்திருந்தார். அதை நான் பார்த்துவிட்டேன். பைக்கின் பின்சீட்டில், மாமாவின் முதுகுக்குப் பின்னால், நம்பரைப் பார்த்துப் பார்த்து மறுபடி உருவிக் கட்டிக்கொண்டே போனேன். நூலைப் பல்லால் கடித்து இழுத்ததும் கம்பெனி கேட் வந்ததும் ஒன்றாக நடந்தது.

கேட்டில் அதைவிடப் பெரிய தகராறு. இங்கே குழந்தைத் தொழிலாளர் யாரும் வேலை செய்யவில்லை என்று என்னைவிட உயரமான போர்டு ஒன்று அங்கே நின்றது. அதற்கு நேர்கீழே பத்து வயதில் நான். அதுவும் ஆர்டர் கொடுக்கிற பையர் வந்திருக்கிற நாளில். மேனேஜர் ஓடிவந்தார், குழந்தையைக் கம்பெனிக்குள் விட்டால் ஆர்டரே போய்விடும் என்று கையைப் பிசைந்தார். கூப்பிட்டதே அந்த மேடம்தான் என்று மாமா அடித்துப் பேசினார். கடைசியில் என்னை விசிட்டர் என்று பதிவு செய்வது என்று முடிவாயிற்று. செக்யூரிட்டிக்காரர் நோட்டைப் பிரித்து, வந்த காரியம் என்ற இடத்தில் நிதானமாக யோசித்து ‘மியூசிக்’ என்று எழுதினார். தொப்புள் வரைக்கும் தொங்குகிற அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

வெள்ளைக்காரம்மா இட்லியை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று பெரிய மனுஷிக்குக் கொடுப்பதுபோலக் கை கொடுத்தார். நான் கட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் எண்ணிவிட்டு எட்டு விரலைக் காட்டினார். நான் ஒன்பது விரலைக் காட்டினேன். மாமாவின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது.

ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு அவர் கட்டுக் கட்டாகச் சரிபார்த்தார். பட்டப்பேர்களை மாமா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஸ்ட்ரைப்பருக்கு மேஜையைத் தட்டினார். ஓவர்லாக் என்றதும் அந்த மிஷின்போலவே வாயால் சத்தம் செய்து காட்டினார், மேனேஜரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். எட்டுக் கட்டிலும் இருந்த முப்பத்து மூன்றில் இரண்டே இரண்டு தப்பு. அப்புறம் ஒன்பதாவது கட்டை எடுத்து நம்பர்களைப் பார்த்தார். நெற்றி சுருங்கிற்று. இவை நான்கு பேருடையவை, எதற்காக இவற்றைச் சேர்த்துக் கட்டினாய் என்று கேட்டார்.

மாமா முந்திக்கொண்டு என்னவோ இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனால் ‘மிஸ்டேக்’ தெரியும். செக்கிங்காரி மகளுக்கு அது தெரியாமல் இருக்குமா? ‘நோ மிஸ்டேக்’ என்றேன். அறையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அணையும் முதலையும் கண்ணுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

‘பாட்டு வேற வேறதானுங்க. வாசிச்சது ஒரே ஆளுங்க. எங்கம்மா சொன்னாங்க.’

மாமா மொழிபெயர்க்கவில்லை. அதனால் நானே செய்து காட்டினேன். மூக்கால் பாதி மூச்சு இழுத்து, நிறுத்தி, மறுபடி பாதி இழுத்தேன்.

அந்த அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்து, ஏழில் ஒன்றைப் போட்டு, காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் சிவந்திருந்தது. நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் மாமாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இவளுடைய அம்மா எங்கே இருக்கிறார்?

பையரம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, மேனேஜர் பின்னால் ஓடிவர, செக்கிங் ஹாலுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? நாற்பது பெண்களுக்கும் கை நின்றுபோயிற்று. லாட் ரிஜெக்ட் என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் நேராகத் தன் மேஜைக்கு வருவதைப் பார்த்த அம்மா, எழுந்து நின்று முதல் வேலையாக, ‘மேடம், அந்த நீலக்கலர் லாட்டு நான் பாக்கலீங்க’ என்றாள். அப்புறம்தான் அட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் நின்ற என்னைக் கண்டாள்.

அந்த ஏழும் ஒரே ஆள் என்று எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டதை மாமா சொன்னார். அம்மாவுக்கு அதுதானா என்று உயிர் வந்தது.

‘பீஸைக் கையில எடுத்தா மொதல்ல ஓரத்தத்தானுங்க பாப்போம். லேபிள்ல எந்தப் பேரு வேணா இருக்கட்டுமுங்க, தெச்ச கை ஓரத்துல தெரிஞ்சு போயிருமுங்க.’

மாமா அதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டார். வாய் நின்று நான் பார்த்தது அன்றுதான். எப்படியோ மீதியைச் சொல்லி முடித்தார். அந்த அம்மா என் அம்மாவின் வலக்கையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா கூச்சத்தில் நெளிந்தாள், கையில் பஞ்சுத் தூசி இருந்ததால் அவளுக்கு அது வேறு கவலை.

பிறகு என் பக்கம் திரும்பி, என்ன வேண்டும் என்று கேட்டார். தேறினேனா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறபோது கேட்டுவிட வேண்டும்.

‘ஞாயித்துக்கெழம வேணுங்க. செக்கிங்ல இருக்கற அத்தன பேருக்கும்.’

அத்தனை பேருக்கும் என்பது நான் கணக்குப் போட்டு வைத்ததில் இல்லை. நாற்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதில் தானாக வாயில் வந்துவிட்டது. மாமாவோடு பழகிய தோஷம். மேனேஜர் ஷிப்மெண்ட், லாரி, துறைமுகம் என்று அடுக்கிப் பார்த்தார். சரக்கு என்னுடையது, நான் திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மா முடித்துவிட்டார். ஹாலில் எழும்பிய சத்தத்தில் பக்கத்து லைனில் தைத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முத்தங்களின் எண்ணிக்கையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், கன்னமெல்லாம் பஞ்சாகிவிட்டது.

அந்த ஏழு துண்டுகளிலும் பெரிய பிடில் வாசித்தது அந்த அம்மாவின் வீட்டுக்காரர். அந்த நான்கு பேருடைய சங்கீதத்தையும் வீட்டில் உட்கார்ந்து அவர் வாசித்ததை அந்த அம்மாவே பதிவு செய்து வைத்திருந்திருக்கிறார். அவர் தவறி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய பெரிய கச்சேரிப் பதிவுகளுக்கு நடுவே அவருடையதையும் கலந்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தேசம் தேசமாகச் சாப்பாட்டு மேஜைகளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சங்கீதம் தெரிந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் சங்கீதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். இதையெல்லாம் மாமா என்னிடம் சொன்னது நான் காலேஜில் சேர்ந்த பிறகு. அம்மாவிடம் மட்டும் அன்றைக்கே சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறைய நாங்கள் அமராவதி அணைக்குப் போனோம். வெள்ளைக்காரம்மாவும் வந்தார். வழி நெடுக அவருக்குக் கம்மர்கட்டு கொடுத்துக் கொடுத்துப் பேசமுடியாமல் செய்தார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு, கும்மியடித்துக்கொண்டு, ஒருநாளும் பார்க்காத அம்மாவாக என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். அணைமீனைப் பொரித்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புல்தரையில் எங்களோடு சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டிக்கொண்டு, முள் எடுத்துச் சாப்பிட்டார். முதலைகள்தான் என்னை ஏமாற்றிவிட்டன. இத்தனை பாடுபட்டு வந்திருக்கிறேன், ஒன்றுகூட அசையவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு செத்ததுபோலக் கிடந்தன.

சாப்பிட்டு முடித்த பிறகு அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இயர்போனில் ஒன்றைத் தன் காதிலும் ஒன்றை என் காதிலும் செருகினார். புதுப் பரீட்சை போலிருக்கிறது என்று நானும் தயாரானேன். மூச்சு இழுப்பது கேட்டது. பாதி இழுத்து, நிறுத்தி, மறுபடி பாதி. அவ்வளவுதான், நின்றுவிட்டது. மறுபடி போட்டார், மறுபடியும் மூச்சு, மறுபடியும் நின்றுவிட்டது. நான் மாமாவைக் கூப்பிட்டேன்.

‘மாமா, இதுல பாட்டே இல்லைன்னு சொல்லுங்க. ஆரம்பிக்கறதுக்குள்ள நின்னுபோயிருது.’

மாமா வந்தார், ஆனால் அணையையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் காதிலிருந்ததைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். எனக்கு விட்டது வேலை என்று முதலை அசைந்ததா பார்க்க ஓடினேன்.

ஒன்று உண்மையாகவே தண்ணீரில் இறங்கிற்று. அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்தால், அவர்கள் இரண்டு பேரும் நான் விட்டுவிட்டுப் போன இடத்தில் அப்படியே இருந்தார்கள். அந்த அம்மாவின் விரல் போனில் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தது. என் அம்மா அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நல்ல பாட்டு இருக்கும்போது, இத்தனை பெரிய செக்கிங்காரி, ஒரு பழுதுபட்ட பீஸைப் போய் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு அம்மாமேல் பாவமாக இருந்தது.